பக்கத்துக் குரல்

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குத் தேவாலய வாசலுக்கு வந்திருக்க வேண்டிய வேன் வரவில்லை. மலைநாட்டில் வேன் பிந்துவது ஒரு செய்தி அல்ல. ஆனால் அந்த வேனில் எங்கள் பாடகர் குழுவின் பாதி இருந்தது. என் மகள் ஷாலினியும் இருந்தாள். முதல் நாள் இரவு முழுவதும் மழை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ரெஜினா. நான் ஓய்வு பெற்ற பிறகு குழுவைப் பயிற்றுவிப்பவள் அவள்தான். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ் என்று ஒவ்வொரு குரலுக்கும் உரிய வரியைத் தானே பாடிப் பதிவு செய்து அவரவர் போனுக்கு அனுப்பிவிடுகிறாள். வீட்டில் சமைத்துக்கொண்டே கேட்டுப் படித்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் இரண்டு மாதம் எடுத்த பாட்டை அவள் மூன்று வாரத்தில் முடிக்கிறாள். நல்ல முறைதான். எனக்கு அதில் குறை இல்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் தேநீர் குடித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க ஏன் எல்லாரையும் பக்கத்துக் குரலையும் படிக்க வச்சீங்க? எவ்வளவு நேரம் போச்சு. குழு மலருக்கு அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்றாள். அவளுக்குப் பதில் ஓரளவு தெரியும். அந்த வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நின்றவள் அவள். மலரைப் படிக்கப்போகிறவர்களில் பலர் அன்று இல்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். நான் பியானோ படித்து, ஆசிரியர் கல்லூரிக்குப் போய், கண்டியில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியையாகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் எட்வின் மாஸ்டர். ஊர் யாழ்ப்பாணம். கண்டிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஒரு சொல்லும் மாறாதவர். பாடசாலையில் சங்கீதப் பகுதித் தலைவர், தேவாலயத்தில் பாடகர் குழுத் தலைவர். இரண்டு இடத்திலும் நான் அவருக்கு உதவியாளர். அவர் ஓய்வு பெற்ற பிறகு இரண்டும் என்னிடம் வந்தன.

மாஸ்டர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது தவறாகப் பாடினால் கையைக் கீழே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அவ்வளவுதான். குழு தானாகவே நிற்கும். பிறகு சட்டைப் பையில் இருக்கும் சின்ன இரும்புக் கவையை எடுத்து முழங்காலில் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டு, சுருதியை மெல்ல முனகிக் கொடுப்பார். "இன்னொருக்கா" என்பார். அந்த 'இன்னொருக்கா'வைப் பேஸ் பாடும் முத்தையா அண்ணன் மார்க்கெட்டில் தன் மரக்கறிக் கடையில் வைத்து நடித்துக் காட்டுவார். முத்தையா அண்ணன் இந்து. மனைவி கிறிஸ்தவர். மாரியம்மன் தேர் இழுத்துவிட்டு மறுநாள் எங்களிடம் வந்து பேஸ் பாடுவார். "சாமிக்கு என் தொண்டைதான் வேணும், ஜாதகமா கேட்டுச்சு" என்பார்.

மாஸ்டர் எழுதிய பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்களிடம் இருந்த பழைய நான்கு குரல் பாட்டுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைப் போட்டவை. மெட்டு நீள்கிற இடத்தில் குறில் வந்து மாட்டிக்கொள்ளும். 'மழை' என்பது 'மாழை' ஆகும். சோப்ரானோவுக்கு ஏணி வைத்தாலும் எட்டாத சுரங்கள் இருக்கும். மாஸ்டர் தன் பாட்டுகளுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். குறிலுக்குக் குறுகிய சுரம், நெடிலுக்கு நீண்ட சுரம். அது ஒன்று. மற்றது, இரண்டு தரம் கேட்டவன் மூன்றாம் தரம் பாட வேண்டும். "சந்தையில மரக்கறி விக்கிறவன் பாடேலாத சுரத்தை நான் எழுத மாட்டன்" என்று முத்தையா அண்ணனைப் பார்த்துச் சொல்வார். "பாத்தீங்களா, என்னைய வச்சுத்தான் பாட்டே எழுதுறாரு" என்பார் அவர்.

வெளியே இதற்கு மதிப்பு அதிகம் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு குழுவின் தலைவர், பாட்டு முடிந்ததும் மாஸ்டரிடம் கை கொடுத்து, "இனிமையாக இருந்தது, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்" என்றார். மாஸ்டர், "ஓம், அவைக்கும் குடுத்திருக்கிறன்" என்றார். நான்தான் வீடு வரும் வரை பொருமிக்கொண்டு வந்தேன்.

இனி வேலை முறை. எங்கள் குழு ஓர் ஊரில் இருக்கவில்லை. சோப்ரானோவும் பேஸும் கண்டி நகரத்துக்காரர்கள். ஆல்ட்டோவும் டெனரும் பெரும்பாலும் தெல்தெனிய பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் திகனவிலும் இருந்து வருகிறவர்கள். எல்லாரையும் வாரா வாரம் ஓர் இடத்தில் சேர்க்க முடியாது. அதனால் கண்டியில் ஒரு பாதி, தெல்தெனியவில் உள்ள சின்ன ஆலயத்தில் மற்றப் பாதி. அங்கே ரோஸ்லின் அக்கா பார்த்துக்கொள்வார். தோட்டத்து மருந்தகத்தில் தாதி. காய்ச்சல்காரனையும் டெனர்காரனையும் ஒரே குரலில் அதட்டுகிறவர்.

பாதி பாதியாகப் படிக்கிற குழுவில் ஒரு பஸ் வராவிட்டால் பாட்டு நின்றுவிடும். அதற்காகத்தான் மாஸ்டர் பக்கத்துக் குரல் என்ற வழக்கத்தைக் கொண்டு வந்தார். தன் வரி பாடமானதும் சோப்ரானோ ஆல்ட்டோவின் வரியைப் படிக்க வேண்டும், ஆல்ட்டோ சோப்ரானோவின் வரியை. டெனரும் பேஸும் அப்படியே. சுர எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, தன் வரியை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பாட வைப்பார். முதலில் எல்லாருக்கும் எரிச்சல் வரும். பேஸ்காரர் டெனர் வரியைப் பாடினால் தண்ணீர் இல்லாத குழாய் திறந்தது போல இருக்கும். ஆனால் ஒரு மாதம் போனால் ஒரு வித்தியாசம் தெரியும். பக்கத்தில் நிற்பவள் எங்கே மூச்சு எடுப்பாள் என்று இவளுக்குத் தெரிந்துவிடும். நீண்ட சுரத்தில் அவள் மூச்சு எடுக்கையில் இவள் பிடித்துக்கொள்வாள், இவள் எடுக்கையில் அவள். கேட்கிறவர்களுக்கு ஒலி அறுவதே இல்லை.

தனிக்குரலுக்கு மட்டும் இந்த வழக்கம் கிடையாது. தனியாகப் பாடுகிறவருடைய வரியை வேறு யாரும் படிக்கக் கூடாது. "அது அந்த ஆளின்ர மூச்சு. ரெண்டு பேர் படிச்சா ரெண்டு பேருக்கும் பயம் வரும்" என்பார் மாஸ்டர்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்து பிறப்புக்கான ஒரு நத்தார் ஒத்திகைக்கு டெனர் ஒருவருமே வரவில்லை. டெனர் தனியாக வருகிற இடத்தை நான் தாண்டிப் போனேன். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். நிறுத்தினேன். "ஆள் இல்லையெண்டாலும் அவையின்ர தாளம் அங்க கிடக்குதெல்லே. அதை அடிச்சுப்போட்டுத்தான் நீர் அடுத்ததுக்குப் போக வேணும்" என்றார். ஒருவரும் பாடாத அந்தத் தாளங்களை நான் அடித்தேன். மற்றவர்கள் காத்திருந்தார்கள். எனக்கு அது அப்போது சற்று வேடிக்கையாகவே இருந்தது.

மாஸ்டர் எழுதியதில் பெரியது, இயேசு சிலுவையில் பட்ட வேதனையைச் சொல்லும் பாடுகளின் பாட்டு. பெரிய வெள்ளிக்கு உரியது. வேதாகம வாசிப்புகளுக்கு நடுவே பாட ஒன்பது சின்னப் பாட்டுகள், சாதாரணத் தமிழில். அவற்றுக்குள் மூன்று தடவை ஒரே அடி திரும்பி வரும்.

விதை மண்ணுக்குள் கிடக்கிறது.
மழைக்கு அது தெரியும்.

முதல் தடவை எல்லாரும் ஒரே மெட்டில். இரண்டாம் தடவை நான்கு குரலில். மூன்றாம் தடவை அதே மெட்டை ஆல்ட்டோ ஒருத்தி மட்டும், ஓர்கன் இல்லாமல். அவள் முடித்ததும் குழு முழுவதும் கடைசிச் சொல்லில் சேர்ந்து நிற்கும். இதை முழுமையாகப் பாடி மாஸ்டர் கேட்டதில்லை. எங்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குரல் குறையும். அந்த வருஷம் குறையவில்லை. மாஸ்டருக்கு அப்போது நடக்க ஒரு கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. முன் வாங்கில் அவர் உட்கார ஒரு தலையணை வைத்திருந்தோம். ஆல்ட்டோ தனிக்குரல் ஷாலினி. என் மகள் என்பதற்காக அல்ல. ரோஸ்லின் அக்காதான் தேர்ந்தெடுத்தார். எனக்கு அதில் பயம்தான் இருந்தது. உயர்தரம் படிக்கிற பிள்ளை, ஒரே பிள்ளை, மழையில் நனைந்தால் இளைப்பு வரும். வியாழன் மாலை தெல்தெனியவில் கடைசி ஒத்திகையும் ஆராதனையும் இருந்ததால் அன்றிரவு ரோஸ்லின் அக்கா வீட்டில் தங்க விட்டேன். குடை, சுவெட்டர், மருந்து எல்லாம் கட்டிக் கொடுத்தேன். "அம்மா, நான் தெல்தெனியவுக்குப் போறேன், லண்டனுக்கு இல்ல" என்றாள்.

பெரிய வியாழன் ஆராதனை முடிந்தது முதல் மறுநாள் பாடும் வரை குழுவுக்குப் பேச்சு இல்லை. இது மாஸ்டரின் பழைய வழக்கம். குரலுக்கு ஓய்வு, மனதுக்கும் ஓய்வு. கைபேசி வந்த பிறகு அதையும் சேர்த்தோம். எல்லாருடைய போனும் நிறுத்தப்பட்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். பாட்டு முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் டின் திறக்கும். கண்டிப் பாதியின் டின் என் மேசையில் இருந்தது. தெல்தெனியப் பாதியின் டின் ரோஸ்லின் அக்காவின் பையில் இருக்க வேண்டும்.

பத்து மணிக்கு என் போனை டின்னிலிருந்து எடுத்தேன். ரோஸ்லின் அக்காவின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. ஷாலினியுடையதும் அப்படியே. அது எதிர்பார்த்ததுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்ப அழைத்தேன்.

பத்தரை மணிக்கு முத்தையா அண்ணன் குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். குடையை மடக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"தெல்தெனிய பஸ் ஒண்ணும் வரலைங்க. திகனைக்கு அந்தாண்ட ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்காம்."

"எப்ப?"

"காலையில. எட்டு, எட்டரை."

வேன் புறப்படுகிற நேரம் அதுதான். வேறு ஏதோ இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. கேட்டேன்.

"கண்டக்டர் பயலுக சொல்றதுதானே டீச்சர். ஒண்ண ஒம்பதாக்குவானுக."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வேனு உள்ள இருக்குதாம்."

என் கணவர் ஓட்டோ பிடித்துத் திகனவுக்குப் போனார். பதினொன்றே முக்காலுக்கு அழைத்தார். பொலிஸ் அப்பால் விடவில்லை, மண் அள்ளும் இயந்திரம் வேலை செய்கிறது, வேன் என்ன நிறம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றார். "நான் இங்கயே நிக்கிறேன். நீ அங்கயே இரு" என்றார். எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆராதனை. போதகர் பாடகர் அறைக்கு வந்தார். இளைஞர், நல்லவர். "பாட்டு வேண்டாம் டீச்சர், வாசிப்பு மட்டும் நடக்கட்டும். நீங்கள் போக வேண்டுமானால் என் காரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் கைப்பையை எடுத்துவிட்டேன். அப்போது முத்தையா அண்ணன், "அங்க போயி என்ன பண்ணப் போறீங்க, மண்ணு வெட்டவா?" என்றார். யாரோ அவரை அதட்டினார்கள். அவர் வேண்டுமென்றே அப்படிக் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். விஷயத்தை யாரோ சொல்லியிருந்தார்கள். என் எதிரே அமர்ந்தார்.

"மகள் வருவாள் எண்டு நான் சொல்ல மாட்டன், பிள்ளை. எனக்குத் தெரியாது. நீர் போறதெண்டால் போம். நிக்கிறதெண்டால், நீர் கை அடிச்சா அவை பாடுவினம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நின்றேன். பக்தியாலா, கடமையாலா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இரண்டும் இல்லை. என் கைகளுக்கு அந்த நேரத்தில் செய்யத் தெரிந்த வேறு வேலை எதுவும் இல்லை.

ஒழுங்கு செய்ய நேரம் அதிகம் எடுக்கவில்லை. சோப்ரானோவை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி ஆல்ட்டோ வரிக்கு இறங்கியது. பேஸில் இளம் குரல்கள் டெனருக்கு ஏறின. நான் ஒன்றும் விளக்கவில்லை. விரலால் காட்டினேன், நகர்ந்து நின்றார்கள். இவ்வளவு வருஷமாக எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு படித்தது இதற்குத்தான்.

"கடைசித் தனிக்குரலுக்கு யாரு?" என்று முத்தையா அண்ணன் கேட்டார்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். "எனக்கு மெட்டு தெரியும் டீச்சர். வேணும்னா நான்…" என்றாள்.

"ஷாலினி வந்துருவா" என்றேன்.

அது நம்பிக்கையால் சொன்ன சொல் அல்ல. அந்த வரியை இன்னொருத்திக்குக் கொடுத்தால் நானே ஒரு முடிவைச் சொன்னதாகிவிடும் என்று இருந்தது.

தேவாலயம் நிறைந்திருந்தது. தோட்டங்களிலிருந்து நனைந்து வந்தவர்கள் பின் வாங்குகளில். சேலைகளின் ஈர வாசம் முன்னால் வரை வந்தது. போனைச் சத்தம் இல்லாமல் வைத்து, பாட்டுத் தாளுக்குப் பக்கத்தில் முகப்பு தெரியும்படி வைத்திருந்தேன். மாஸ்டரின் வழக்கத்தை மீறி அப்படிச் செய்தேன். அவர் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பாட்டுகள் நடந்தன. சொல்லப்போனால் நன்றாகவே நடந்தன. முதல் தடவை 'விதை மண்ணுக்குள் கிடக்கிறது' வந்தபோது அந்தச் சொற்களைப் பார்க்காமல் அடித்தேன். சொற்களைப் பார்க்காவிட்டாலும் அவை காதில் விழுகின்றன. காலையில் அந்த அடியையே விட்டுவிடலாமா என்று நினைத்திருந்தேன். விட்டிருந்தால் பாட்டில் எதுவும் மிஞ்சியிருக்காது. நான்கு குரலில் இரண்டாம் தடவை வந்தபோது ஆல்ட்டோ வரியில் நின்ற பிள்ளைகள் தங்களுக்குப் பழக்கமான இடத்தில் மூச்சு எடுக்காமல், ஆல்ட்டோக்கள் எடுக்கும் இடத்தில் எடுத்தார்கள். அந்த வரியை அப்படித்தான் படித்திருந்தார்கள். அங்கே இல்லாதவர்களின் மூச்சு அது. அதைக் கேட்ட பிறகு இடது கையால் பாட்டுத் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வலது கையால் அடித்தேன்.

மேற்கு வாசல் திறந்திருந்தது. ஒவ்வொரு வாசிப்பின்போதும் திரும்பிப் பார்த்தேன். மழையும், குடைகளோடு நின்ற சிலரும்தான்.

கடைசி இடம் வந்தது. ஓர்கன் நின்றது. நான்கு தாளம் கொண்ட நான்கு சுற்றுகள், ஆல்ட்டோ தனிக்குரல். ரெஜினா என்னைப் பார்த்தபடி வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள். நான் தலை அசைத்திருந்தால் பாடியிருப்பாள். நான் அசைக்கவில்லை. கையை எடுத்து, ஷாலினி வழக்கமாக நிற்கும் வெற்றிடத்துக்கு நேராக, அவளுக்குக் கொடுப்பது போலவே தொடக்கம் கொடுத்தேன். முதல் சுற்றின் தாளத்தை அடித்தேன். ஓட்டில் மழை. இரண்டாவது சுற்றைத் தொடங்கினேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒலி வந்தது. எந்த வாங்கில் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது, எனக்கு முதுகுப்புறம். முதலில் முனகல் போல. பிறகு சொற்களோடு. விதை மண்ணுக்குள் கிடக்கிறது. இரண்டு தரம் கேட்டிருந்தார்கள். மூன்றாம் தரம் அவர்களுடையது என்று நினைத்திருக்கலாம், அல்லது நான் வெறுமனே கை அடிப்பதைப் பார்த்துத் தங்களுக்குத்தான் அடிக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். பலர் முகங்களை நான் அறியேன். தேவாலயம் முழுவதும் பாடியது. நான் திரும்பி அவர்களுக்கு அடித்தேன். அப்போதுதான் இன்னொரு சிக்கல் புரிந்தது. அவர்கள் தங்கள் குரலுக்கு வசதியான சுருதியில் தொடங்கியிருந்தார்கள். எங்கள் சுருதியைவிட நன்றாகவே கீழே. அவர்கள் முடிக்கிற இடத்தில் குழு பழைய சுருதியில் சேர்ந்தால் கண்ணாடி உடைந்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தேன். ஓர்கன் வாசித்தவர் இரண்டு கையையும் மடியில் வைத்துவிட்டார். முத்தையா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சனங்களின் சுருதியைப் பிடித்து அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவரிடமிருந்து எடுத்தார்கள். அவர்களிடமிருந்து சோப்ரானோ எடுத்தது. கடைசிச் சொல்லில் குழு சேர்ந்தபோது யாரும் இடறவில்லை. பின்னால் முத்தையா அண்ணன் சொன்னார், "சனங்க பள்ளத்துல பாடினாங்க. மத்தவங்களுக்குக் கஷ்டம். எனக்கு அது சொந்த வீடு."

மாஸ்டர் முன் வாங்கில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பாடினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆராதனை முடிந்தது. போனில் ஒன்றும் இல்லை. சனம் கலையும்போது சிலர் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. நான் வாசல் படியில் நின்றேன். ரெஜினா ஒரு குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை விட்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

நடந்தது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேன் சரிவுக்கு முன்பே நின்றுவிட்டது. மண்ணுக்குள் இருந்தது வேறு வேன், வெற்று வேன். அதன் சாரதி எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தகவல் சொல்ல டின்னைத் தேடியபோது, அது ரோஸ்லின் அக்கா வீட்டு அலுமாரியின் மேல் இருப்பது தெரிந்தது. பேச்சில்லா நேரம் என்பதால் புறப்படும்போது டின் எங்கே என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. வழியில் யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால் ஒருவருக்கும் ஒரு நம்பரும் பாடமில்லை. பாட்டு முழுவதும் பாடமாக இருந்தவர்கள். ரோஸ்லின் அக்கா எல்லாரையும் இறக்கி, தேயிலை மலை வழியாக ஏற்றி, மறுபக்கத்துத் தோட்டப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கோதுமை மா இறக்கிவிட்டு வந்து அகப்பட்டுக்கொண்ட லொறி ஒன்று நின்றது.

இன்றும் மழை பெய்தால் ஷாலினிக்குப் போன் எடுப்பேன். அவள் இப்போது கொழும்பில் படிக்கிறாள். "அம்மா, இங்க வெயில்" என்பாள். அப்படியா என்று வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வேறு ஏதோ கேட்பது போல மறுபடி எடுப்பேன். அவள் நம்பர் இப்போது எனக்குப் பாடம்.

அந்த லொறி வத்தேகமவைச் சுற்றிக்கொண்டு வந்து தேவாலய வாசலில் நின்றபோது அது எங்களுக்கான வண்டி என்று நான் நினைக்கவில்லை. பின்னால் தார்ப்பாய் போட்டிருந்தது. சாரதி இறங்கினார். திகன வியாபாரி ஃபாரூக் நானா, சொந்த லொறி. தாடியிலும் சட்டையிலும் மா. அவர் என்னைப் பார்த்ததும் யார் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"டீச்சர், ஒங்கட புள்ளைகள் எல்லாம் பத்திரம். எண்ணி எறக்குங்க. வழியெல்லாம் பாட்டுத்தான். அந்த விதைப் பாட்டு எனக்கே பாடமாகிட்டு."

தார்ப்பாய் விலகியது. ரோஸ்லின் அக்கா முதலில் இறங்கினார். முழங்கால் வரை சேறு, கொண்டை கலையவில்லை. ஒவ்வொருவராக வெள்ளைச் சேலைகள் இறங்கின, எல்லாவற்றிலும் மாவும் மண்ணும். டெனர்காரர்கள் கை கொடுத்தார்கள். நான் எண்ணவில்லை. கடைசியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஷாலினி குதித்தாள். நான் கட்டிக் கொடுத்த சுவெட்டர் வேறொரு பிள்ளையின் தோளில் இருந்தது. அவள் என்னிடம் ஓடி வரவில்லை. காலியாகிக்கொண்டிருந்த தேவாலயத்தை எட்டிப் பார்த்தாள், பிறகு ரெஜினாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "என்னோட வரிய யாரு பாடினா?"